கோழிக் கூட்டுக்கும் வடிகால் வேண்டும்

புரட்டாசி பாதி கடந்துவிட்டது. சம்பா நடவு ஒரு பக்கம், தாளடி நாற்றங்கால் ஒரு பக்கம் என்று எல்லோரும் வயலில் நிற்கிறோம். இந்த நேரத்தில் கொல்லைப்புறக் கோழிக் கூட்டைப் பற்றி எழுதுகிறேனே என்று நினைக்க வேண்டாம். ஐப்பசி அடைமழைக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம்தான் இருக்கிறது. கூட்டைச் சுற்றி மண் வேலை செய்ய இதுதான் கடைசித் தவணை. மழை விழுந்த பிறகு மண்வெட்டியை எடுத்தால் சேற்றைத்தான் அள்ள முடியும்.

வயலுக்கு வடிகால் வெட்டத் தெரியாத விவசாயி நம் டெல்டாவில் கிடையாது. எந்த மடையைத் திறந்தால் எந்த வயல் வடியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். அதே விவசாயியின் வீட்டுக் கொல்லையில், கார்த்திகை மாதம் கோழிகள் சேற்றில் கால் மாற்றி நின்றுகொண்டிருக்கும். கேட்டால், "மழைக்காலம்னா அப்படித்தான் சார்" என்பார். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

நான் வேளாண்மை படித்தவன், கால்நடை மருத்துவன் அல்ல. நோய்க்கு மருந்து சொல்வது என் வேலையும் அல்ல. ஆனால் தண்ணீர் எங்கே தேங்கும், எப்படி வடியும் என்பது எங்கள் பாடம். அந்தப் பாடத்தில் நானே ஒருமுறை தோற்றுப்போன கதையைச் சொல்லித் தொடங்குகிறேன்.

நான் சொன்ன தவறான யோசனை

இருபது ஆண்டுகளுக்கு முன் பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்துக்கு அடிக்கடி போவேன். அங்கே ஓர் அம்மா, கணவர் இல்லாதவர், கொல்லையில் நாட்டுக் கோழி வளர்த்தார். மழைக்குக் கூட்டில் தண்ணீர் நிற்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். அதற்கு முன் நான் பட்டுக்கோட்டைப் பக்கம் வேலை பார்த்திருந்தேன். அங்கே செம்மண்ணிலும் மணல் பாங்கான நிலத்திலும் ஊறல் குழி நன்றாக வேலை செய்வதைப் பார்த்தவன். அதையே இவருக்கும் சொன்னேன். கூட்டுக்குப் பக்கத்தில் மூன்றடிக் குழி வெட்டி, செங்கல் உடைசலைப் போட்டு நிரப்பச் சொன்னேன்.

சொல்வதற்கு முன் சோதித்தும் பார்த்தேன். அது வைகாசி மாதம். சிறு குழி தோண்டி ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். மளமளவென்று உறிஞ்சிக்கொண்டது. எனக்குத் திருப்தி.

ஐப்பசியில் புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை. வழக்கமான அடைமழைதான். நான்காம் நாள் போனேன். குழி விளிம்பு வரை நிரம்பி, தண்ணீர் கூட்டுக்குள் ஏறியிருந்தது. அந்த அம்மா கோபப்படவில்லை. "சார், நீங்க சொன்ன குழியிலேருந்து தண்ணி வெளிய போகல. அதுலேருந்துதான் உள்ள வருது" என்றார். 17 குஞ்சுகளில் 3 மிஞ்சின. மாசிக்குள் வளர்ந்துவிடும், விற்று மகளின் தேர்வுக் கட்டணம் கட்டலாம் என்று அவர் வைத்திருந்த குஞ்சுகள் அவை.

எங்கே தவறு? கோடையில் களிமண் வெடித்துக் கிடக்கிறது. நான் ஊற்றிய தண்ணீர் அந்த வெடிப்பில் ஓடி மறைந்தது. அதை மண் உறிஞ்சுகிறது என்று நினைத்துவிட்டேன். மழை பெய்ததும் களிமண் ஊதி வெடிப்பு மூடிக்கொள்ளும். பிறகு தண்ணீர் இறங்க வழியே இல்லை. சுற்றிலும் சம்பா வயலில் தண்ணீர் நிற்க, வாய்க்காலிலும் தண்ணீர் ஓட, நிலத்தடி நீர்மட்டமும் மேலே வந்துவிடும். அப்போது குழி தோண்டினால் கிணறு தோண்டியதற்குச் சமம்.

அன்று கற்றதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். பழைய டெல்டாவின் களிமண்ணில் மழைத் தண்ணீரை மண்ணுக்குள் அனுப்பப் பார்க்காதீர்கள். கூட்டை மேலே தூக்குங்கள், தண்ணீரை மேற்பரப்பிலேயே ஓட விடுங்கள்.

ஈரத்தால் என்ன கெடுகிறது?

ரத்தக்கழிச்சலை எடுத்துக்கொள்வோம். நோயுள்ள கோழியின் எச்சத்தில் வெளிவரும் ஒட்டுண்ணியின் முட்டை, வெளிவந்த உடனே நோயைத் தராது. அது பக்குவப்பட ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் வேண்டும். இவை மூன்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் தயாராகிவிடும். பிறகு கீழே கொத்தித் தின்னும் குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடும். காய்ந்த தரையில் அவற்றில் பெரும்பகுதி பக்குவப்படாமலே போகும். ஒரே கோழி, ஒரே கூடு என்றாலும் தை மாதத்தில் வராத நோய் கார்த்திகையில் வருவதற்கு இதுதான் காரணம். மூன்று வாரம் முதல் எட்டு வாரம் வரையிலான குஞ்சுகளுக்கு ஆபத்து அதிகம்.

இரண்டாவது, நெடி. எச்சம் ஈரத்தில் ஊறும்போது அமோனியா வாயு கிளம்புகிறது. நாம் நின்றுகொண்டு முகர்ந்தால் அவ்வளவாகத் தெரியாது. குனிந்து, கோழியின் உயரத்தில் ஒருமுறை மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால், கோழி இரவு முழுவதும் அதில்தான் இருக்கிறது என்று பொருள். கண்ணும் மூச்சுக்குழாயும் புண்ணாகும், பின்னாலேயே சளி நோய் வரும். இன்னொன்றையும் விவசாயியாக யோசியுங்கள். அந்த நெடியாகப் பறந்து போவது உங்கள் வயலுக்குச் சேர வேண்டிய தழைச்சத்து. கூடு காய்ந்திருந்தால் கோழியும் பிழைக்கும், எருவும் தேறும்.

வெள்ளைக்கழிச்சலை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வைரஸால் வருவது. கூடு எவ்வளவு காய்ந்திருந்தாலும் தடுப்பூசி போட்டே தீர வேண்டும். வடிகாலும் தடுப்பூசியும் ஒன்றுக்கு ஒன்று மாற்றல்ல.

தண்ணீர் எத்தனை வழியில் வருகிறது?

வேலை தொடங்கும் முன் ஒரு மழை நாளில் குடையோடு கொல்லையில் நில்லுங்கள். தண்ணீர் நான்கு வழியில் வருவதைப் பார்ப்பீர்கள்.

முதலாவது, கூரையிலிருந்து. 10 அடிக்கு 6 அடி கூரை என்றால் 60 சதுர அடி. 10 செ.மீ. மழையில் அந்தச் சிறிய கூரையிலிருந்து மட்டும் சுமார் 560 லிட்டர் தண்ணீர் வழியும். 15 லிட்டர் குடத்தில் 37 குடம். கூடு வீட்டுச் சுவரை ஒட்டி, வீட்டுக் கூரையின் தாழ்வாரத்தண்ணீர் அதன் மேல் விழுந்தால் கேட்கவே வேண்டாம். 300 சதுர அடிக் கூரைச் சரிவிலிருந்து அதே மழையில் ஏறக்குறைய 2,800 லிட்டர் வந்து விழும். கூட்டை அங்கிருந்து நகர்த்துங்கள். முடியாவிட்டால் வீட்டுக் கூரை ஓரத்தில் தகர வாரியோ, இரண்டாகக் கிழித்த பி.வி.சி. குழாயோ பொருத்தித் தண்ணீரை வேறு பக்கம் திருப்புங்கள்.

இரண்டாவது, மேட்டிலிருந்து ஓடிவரும் தண்ணீர். மாட்டுக் கொட்டகை, குளியலறை, பக்கத்து மனை எல்லாவற்றின் தண்ணீரும் பள்ளத்தைத் தேடி வரும். நம் ஊரில் கோழிக் கூட்டுக்கு ஒதுக்குவது பெரும்பாலும் கொல்லையின் கடைசிப் பள்ளத்தைத்தான்.

மூன்றாவது, கீழேயிருந்து ஏறும் ஈரம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, களிமண்ணில் ஈரம் மேலே ஏறும். தண்ணீர் தேங்காவிட்டாலும் தரை சொதசொதவென்று இருப்பது இதனால்தான்.

நான்காவது, உள்ளேயே உண்டாவது. ஒரு கோழி ஒரு நாளில் சுமார் 100 கிராம் எச்சமிடும். அதில் முக்கால் பங்கு தண்ணீர். 20 கோழி என்றால் நாளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கூட்டிலும் கொல்லையிலுமாகக் கொட்டுவதற்குச் சமம். தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்ப்பது தனிக்கணக்கு.

இந்த நான்கில் ஒன்றை விட்டாலும் கூடு காயாது. மேலே கூரையை மாற்றிவிட்டு, இன்னும் ஈரமாகவே இருக்கிறதே என்று வருந்துபவர்கள் மூன்றாவதையும் நான்காவதையும் கவனித்திருக்க மாட்டார்கள்.

கூட்டை மேலே தூக்குவது

20 முதல் 25 நாட்டுக் கோழிகளுக்கு, இரவில் அடைய, 10 அடிக்கு 6 அடிக் கூடு போதும். அதற்கு 12 அடிக்கு 8 அடி மேடை போடுங்கள். சுற்றிலும் ஓரடி மேடை கூடுதலாக இருந்தால்தான் மழைச் சாரல் தரையில் பட்டுத் தெறித்து உள்ளே வராது.

மேடை எவ்வளவு உயரம்? கொல்லைத் தரையிலிருந்து ஒன்றரை அடி குறைந்தபட்சம். வெள்ளம் ஏறும் ஊராக இருந்தால் பெரியவர்களிடம் கேளுங்கள். 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்கால் அருகே கரை கடந்தபோது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த வருடம் உங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது என்று வீட்டில் யாராவது காட்டுவார்கள். முடிந்தால் மேடையை அதற்கு மேல் வையுங்கள். முடியாவிட்டால் கூட்டுக்குள் உயரத்தில் ஒரு பரணாவது இருக்கட்டும்.

மேடையை மூன்று அடுக்காகப் போட வேண்டும்.

அடியில் ஓரடி மண். தட்டி இறுகிய பிறகு ஓரடி நிற்க வேண்டும் என்றால் ஒன்றேகால் யூனிட் மண் தேவைப்படும். அரை அடி கொட்டித் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்கி, பிறகு அடுத்த அரை அடி கொட்டுங்கள். ஒரே தடவையில் கொட்டினால் முதல் மழையிலேயே மேடை உள்வாங்கும்.

அதன் மேல் 4 அங்குலம் செங்கல் உடைசல். யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு போதும். சூளையில் ஒதுக்கிய கல், இடித்த சுவரின் கல் எதுவானாலும் சரி. கீழிருந்து ஏறும் ஈரத்தை இந்த அடுக்குதான் நிறுத்துகிறது. கற்களுக்கு இடையே இருக்கும் இடைவெளியில் ஈரம் ஏற முடியாது. அதனால் இந்த அடுக்கில் மண்ணைக் கலந்து நிரப்பிவிடாதீர்கள்.

மேலே 2 அங்குலம் தரை. சிமென்ட் பூச்சு போட வசதி இருந்தால் போடலாம். இல்லாவிட்டால் சரளை மண்ணைத் தட்டி இறுக்கினாலும் போதும். தரையைச் சமமாகப் போடாமல், 10 அடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலம் சரிவு கொடுங்கள். தாழ்ந்த பக்கச் சுவரின் அடியில் இரண்டு துளைகள் விட்டு, வலைக்கம்பி அடித்துவிடுங்கள். கழுவும் தண்ணீர் அதன் வழியே வெளியே போகும்.

மேடையின் பக்கங்களை செங்கல்லோ, மண் நிரப்பிய சிமென்ட் சாக்கோ அடுக்கி நிறுத்துங்கள். சாக்கின் மேல் சாணமும் களிமண்ணும் கலந்து பூசினால் வெயிலில் இற்றுப் போகாது. சரிவான கரையாக விட்டால் அருகம்புல்லைக் கோழி கிளறிவிடும். வெட்டிவேர் நாற்று நட்டால் கரையைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. மேடைக்கான மண்ணைக் கூட்டின் பக்கத்திலேயே வெட்டி எடுக்காதீர்கள். பலரும் செய்யும் தவறு இது. மேடு ஒன்று, அதை ஒட்டியே தண்ணீர் தேங்கக் குட்டை ஒன்று என்று ஆகிவிடும்.

சுற்று வாய்க்கால்

மேடையைச் சுற்றி 9 அங்குல அகலம், 6 அங்குல ஆழத்தில் வாய்க்கால் வெட்டுங்கள். கூரைத் தண்ணீர் நேராக இதில் விழ வேண்டும். கூரையின் ஓரம் எங்கே முடிகிறதோ அதற்கு நேர் கீழே வாய்க்கால் இருக்கும்படி அளந்து வெட்டுங்கள்.

மேடையின் ஒரு மூலையை உயர்ந்த முனையாகவும், அதற்கு எதிர் மூலையைத் தாழ்ந்த முனையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். உயர்ந்த மூலையிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடி, தாழ்ந்த மூலையில் சேரும். ஒவ்வொரு பக்கமும் 20 அடி. 20 அடிக்கு இரண்டரை அங்குலம் சரிவு போதும். நம் மண் தட்டையானது. கண்ணால் பார்த்துச் சரிவு கண்டுபிடிக்க முடியாது. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் இருந்தால் கால் மணி நேர வேலை. 30 அடி நீளமுள்ள கண்ணாடி மாதிரியான டியூபில் காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு குச்சிகளில் பிடித்தால், தண்ணீர் நிற்கும் மட்டம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும். அங்கிருந்து கீழே அளந்து குறித்துக்கொள்ளலாம்.

வாய்க்காலைத் திறந்தே வையுங்கள். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தியோ, 6 அங்குலப் பி.வி.சி. குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்தோ பதிக்கலாம். ஜல்லி போட்டு மேலே மூடும் வடிகாலைச் சிலர் சொல்கிறார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் களிமண்ணின் வண்டல், இறகு, உமி எல்லாம் சேர்ந்து சீக்கிரமே தூர்த்துவிடும். எங்கே அடைத்தது என்றும் தெரியாது. திறந்த வாய்க்காலை விளக்குமாற்றால் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. நடக்கும் இடத்தில் மட்டும் ஒரு பலகைக்கல் போட்டுக்கொள்ளுங்கள்.

கொல்லை மேட்டிலிருந்து தண்ணீர் வரும் பக்கத்தில், கூட்டுக்கு நாலடி முன்பாகவே அரை அடி உயரத்துக்கு ஒரு வரப்பு போட்டுத் திருப்பிவிடுங்கள். வெளித்தண்ணீர் சுற்று வாய்க்காலுக்கே வரக் கூடாது. சுற்று வாய்க்கால் கூரைத் தண்ணீருக்கு மட்டும்தான்.

எங்கே கொண்டுபோய் விடுவது?

வடிகாலின் வெற்றி அதன் கடைசி முனையில் இருக்கிறது. தாழ்ந்த மூலையில் ஓரடிக்கு ஓரடி அளவில் ஒரு வண்டல் தொட்டி வையுங்கள். எச்சமும் உமியும் அதில் தங்கும், வாரம் ஒருமுறை அள்ளி எருக்குழியில் போடலாம். தொட்டியிலிருந்து 4 அங்குலக் குழாய் வழியே தண்ணீரைச் சேம்புப் பாத்திக்கோ கல்வாழைப் பாத்திக்கோ விடுங்கள். ஈரத்தில் நிற்கும் தாவரங்கள் இவை. வாழைக்கு விடலாமா என்று கேட்பார்கள். கோடையில் விடலாம். அடைமழையில் வாழையைச் சுற்றித் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும். பாத்தியில் நிரம்பும் மிச்சத் தண்ணீர் வடிவாய்க்காலுக்குப் போகட்டும்.

வடிவாய்க்கால் என்று சொல்கிறேன், பாசன வாய்க்கால் என்று சொல்லவில்லை. பாசன வாய்க்கால் மேட்டில் ஓடுவது, வயலுக்குத் தண்ணீர் பாய வேண்டுமே. ஐப்பசியில் அது நிரம்பி ஓடும். அதில் குழாயை வைத்தால் வாய்க்கால் தண்ணீர் உங்கள் கொல்லைக்கு வரும். கோழி எச்சம் கலந்த தண்ணீரை ஊரார் புழங்கும் வாய்க்காலிலும் குளத்திலும் விடுவது முறையும் அல்ல.

வடிவாய்க்காலும் சில நாள் எதிர்த்து ஏறும். அதற்கு ஒரு சின்ன ஏற்பாடு. பழைய லாரி டியூபில் ஒரு துண்டை வெட்டி, குழாயின் வெளி வாயின் மேல் விளிம்பில் மட்டும் கம்பியால் கட்டித் தொங்க விடுங்கள். உள்ளேயிருந்து தண்ணீர் வந்தால் அந்த மூடி திறக்கும். வெளியே மட்டம் ஏறினால் தானாகவே அழுந்தி மூடிக்கொள்ளும். குழாயின் உள்முனையில் வலைக்கம்பி கட்ட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் வெயில் காலத்தில் பெருச்சாளிக்கும் பாம்புக்கும் அதுவே வழியாகிவிடும்.

கூட்டுக்குள்

மழைக்காலத்தில் நமக்குச் சாரல் அடிப்பது கொண்டலும் வாடையும் வரும் பக்கத்திலிருந்து. கிழக்கிலும் வடக்கிலும் கூரையை இரண்டரை, மூன்றடி நீட்டிவிடுங்கள். அந்தப் பக்கச் சுவரைக் கீழே ஒன்றரை அடிக்கு அடைத்து, மேலே வலை விடுங்கள். தார்ப்பாயைச் சுற்றிலும் இழுத்துக் கட்டி மூடுவது பெரிய தவறு. மழை உள்ளே வராது, ஆனால் ஈரமும் நெடியும் வெளியே போகாது. சாரல் அடிக்கும்போது மட்டும் இறக்கி, மழை விட்டதும் சுருட்டும்படி சாக்குப் படுதா போதும்.

தரைக்கு உமி இரண்டு மூன்று அங்குலம் பரப்புங்கள். அரிசி ஆலை இல்லாத ஊர் நம் பக்கம் அரிது. ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். உதிர்ந்தால் நல்லது. உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். மாலை வரை காத்திருக்காமல், கோழிகள் மேயப் போன பிறகு காலையிலேயே உமியைக் கிளறிவிடுங்கள். கட்டி தட்டியதை எடுத்துப் போட்டுப் புது உமி சேருங்கள். மிகவும் ஈரமாக இருந்தால் 100 சதுர அடிக்கு ஒரு கிலோ நீற்றிய சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கிளறலாம். சுண்ணாம்பு பட்டதும் அமோனியா ஒரேயடியாகக் கிளம்பும். ஆகவே கோழிகள் வெளியே இருக்கும்போதே செய்து, மாலை வரை காற்றாட விடுங்கள்.

தண்ணீர்த் தொட்டியைக் கோழியின் முதுகு உயரத்துக்கு, இரண்டு செங்கல் மேல் வையுங்கள். அதன் அடியில் வலைத்தட்டும், அதற்கும் அடியில் ஒரு பழைய தாம்பாளமும் இருந்தால் சிந்துவது உமியில் படாது. இரவு அடைய மூங்கில் குறுக்குச் சட்டம் கட்டி, அதன் கீழே பழைய தகரத்தைப் போட்டு, காலையில் அதில் விழுந்த எச்சத்தை மட்டும் வாரி எடுத்துவிட்டால் உள்ளே உண்டாகும் ஈரத்தில் பெரும்பகுதி அப்போதே போய்விடும்.

அந்தப் பாபநாசம் அம்மா அடுத்த வருடம் இடிந்த அடுப்படிச் சுவரின் கல்லைக் கொண்டே மேடை போட்டார். திமிசு போட நானும் ஒரு கை கொடுத்தேன். குழியைத் தூர்க்கும்போது, "இதையாவது சித்திரையில பார்க்காம ஐப்பசியில பார்ப்போம் சார்" என்றார். ஐப்பசியில் போய்ப் பார்த்தேன். சுற்று வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே உமி உதிர்ந்தது.

வாசகர் கேள்விகள்

*எங்களுக்கு மணல் கலந்த செம்மண். ஊறல் குழி போடலாமா? — பட்டுக்கோட்டை வட்டம்*

போடலாம். ஆனால் சோதனையை மழைக்காலத்தில் செய்யுங்கள். ஓரடி ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி, அது வடிந்த பிறகு மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றியது ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலமாவது இறங்கினால் ஊறல் குழி பயன்படும். இறங்காவிட்டால் மேடையும் சுற்று வாய்க்காலும்தான் வழி. ஊறல் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்தும் அடிபம்பிலிருந்தும் தள்ளி இருக்கட்டும்.

*உமிக்குப் பதில் வைக்கோல் போடுகிறோம். சரியா? — மன்னார்குடி வட்டம்*

கோடையில் பரவாயில்லை. மழைக்காலத்தில் வைக்கோல் மேலே காய்ந்தது போலத் தெரியும், அடியில் பூஞ்சை பூத்துவிடும். அந்தப் பூஞ்சை குஞ்சுகளின் மூச்சுக்குழாயைப் பாதிக்கும். உமி, கடலைத் தோல், காய்ந்த மரத்தூள் ஆகியவை நல்லவை. தீவன மூட்டையையும் தரையில் வைக்காதீர்கள். பூஞ்சை பிடித்த தீவனம் கோழிக்கு நஞ்சு.

*சிமென்ட் தரை போட்டிருக்கிறோம், மேடை இல்லை. இருந்தும் ஈரம் போகவில்லை. — கும்பகோணம் வட்டம்*

கொல்லை மட்டத்திலேயே சிமென்ட் போட்டால் வெளித்தண்ணீர் உள்ளே வந்து, வெளியேற முடியாமல் நிற்கும். தரையை உடைக்க வேண்டாம். அதன் மேலேயே உடைசல் பரப்பி மேடை எழுப்புங்கள். அது முடியாவிட்டால் இந்த மழைக்கு மட்டும், மூங்கில் பிளாச்சுகளை அரை அங்குல இடைவெளியில் அடித்து இரண்டடி உயரத்தில் பரண் கட்டுங்கள். எச்சம் கீழே விழும். சின்னக் குஞ்சுகளுக்குப் பரணின் ஒரு பகுதியில் சாக்கு விரித்து உமி போடுங்கள், கால் சிக்காது.

*மழை நாளில் குஞ்சுகள் ரத்தமாகக் கழிகின்றன. என்ன மருந்து கொடுப்பது? — திருவிடைமருதூர் வட்டம்*

மருந்தைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அன்றே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், அல்லது 1962 என்ற எண்ணில் அழையுங்கள். போகும்போது புதிய எச்சத்தைக் காகிதத்தில் எடுத்துச் செல்லுங்கள். அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியது, ஈர உமி முழுவதையும் அகற்றி, நோயுள்ளவற்றைத் தனியே பிரித்து, மற்றவற்றைக் காய்ந்த இடத்துக்கு மாற்றுவது. இறந்தவற்றை வாய்க்காலில் எறியாமல், மேட்டுப் பகுதியில் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

*சுற்று வாய்க்காலில் கொசு வருமா? — பாபநாசம் வட்டம்*

ஓடும் தண்ணீரில் வராது, தேங்கினால் வரும். மழை விட்ட ஒரு மணி நேரத்தில் வாய்க்கால் காலியாக வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் நின்றால் அங்கே சரிவு தவறியிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்து, வெயில் வந்ததும் சரிசெய்யுங்கள். வண்டல் தொட்டியைப் பலகையால் மூடி, வாரம் தவறாமல் காலி செய்யுங்கள்.